ஊர்ப் பிரச்சினையை இணையத்துக்குக் கொண்டுபோவது எப்படி? வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு

467 கிணறுகள். அவற்றில் 350 கெட்டுப்போனவை. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கின் தீர்ப்பைத் திறந்தால் இந்தக் கணக்கு கண்ணில் படும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல மனு அது. தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28. முதன்முறை படித்தபோது என்னை நிறுத்தியது ஒரு விஷயம்: அந்த 467 கிணறுகளும் வேலூரில் இல்லை. திண்டுக்கல் பக்கத்து 13 ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அது. நம் பக்கத்துக் கணக்கு வேறு. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம், தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போனது என்று சொன்னது. இரண்டு கணக்கும் ஒரே மனுவுக்குள் வந்து சேர்ந்தன. எம்.சி. மேத்தா டெல்லியில் வாதாடினார். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று இந்தத் தீர்ப்பு சொன்னது.

அன்று யார் கையிலும் செல்போன் இல்லை. திண்டுக்கல்லில் எண்ணியவர்கள், வேலூரில் அளந்தவர்கள், டெல்லியில் பேசியவர் என்று ஆளுக்கு ஒரு துண்டு வைத்திருந்தார்கள். துண்டுகள் சேர்ந்ததும் அவற்றுக்கு ஒரு பலம் வந்தது. இணையத்தில் செய்யும் போராட்டத்தை நான் இப்படித்தான் பார்க்கிறேன். உங்களிடம் ஒரு துண்டுத் தகவல் இருக்க வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும், அதைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்க வேண்டும். ஷேர் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான். ஊரில் ஏதோ தப்பு நடக்கிறது, ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிற, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாத தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஏரி விஷயத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் உதாரணமாகச் சொல்லப்போகிறேன். குப்பை, ரேஷன், சாலை, பள்ளிக்கூடம் எதுவானாலும் வழி ஏறக்குறைய இதேதான்.

முதலில் பிரச்சினையைச் சின்னதாக்குங்கள்

"பாலாற்றைக் காப்போம்" என்று தொடங்காதீர்கள். பாலாறு நந்தி மலையில் பிறந்து கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என மூன்று மாநிலம் தாண்டிக் கடலுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு எந்த அலுவலகமும் பதில் சொல்லாது, யாரைக் கேட்டாலும் பக்கத்து அறையைக் கை காட்டுவார்கள். "எங்கள் ஊர் ஏரியின் வடக்குக் கரையில், மதகுக்குப் பக்கத்தில், மூன்று மாதமாக லாரியில் கொண்டுவந்து கழிவு கொட்டுகிறார்கள்" என்று சொல்லுங்கள். இடம், காலம், செயல் மூன்றும் அதில் இருக்கின்றன. அதற்கு ஒரு அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்த கேள்வி, யார் அந்த அதிகாரி? இங்கேதான் பாதிப் பேர் வழி தவறுகிறார்கள். பழைய வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் மூன்றாகப் பிரிந்தது. வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் பக்கம் இராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் திருப்பத்தூர் மாவட்டம். பேச்சில் நாம் எல்லாவற்றையும் இன்னும் வேலூர் என்றே சொல்கிறோம். ஆம்பூர் விஷயத்தைச் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஏரி என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, குறையாத ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கும். அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நிலத்தின் அளவு, ஆக்கிரமிப்பு விவகாரம் வருவாய்த்துறைக்குப் போகும். கழிவு நீர் என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியம். ஒரே ஏரிக்கு மூன்று அலுவலகம். எந்தக் கேள்வி எந்த அலுவலகத்துக்கு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஏற்கெனவே வெளியில் இருப்பதை எடுங்கள்

கேட்காமலே கிடைக்கும் தகவல் நிறைய இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ.) 4-ஆம் பிரிவு, ஒவ்வொரு அலுவலகமும் தன் பணி, நிதி ஒதுக்கீடு, திட்டச் செலவு போன்றவற்றைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. எல்லாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. ஆனாலும் தேடுங்கள்.

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண் போட்டால் 'அ' பதிவேடு வரும். அதில் அந்த இடம் பட்டா நிலமா, புறம்போக்கா, ஏரியா, வாய்க்காலா என்று தெரியும். "இது காலங்காலமா எங்க நிலம்" என்று ஒருவர் சொல்லும்போது, 'அ' பதிவேட்டில் ஏரிப் புறம்போக்கு என்று இருப்பதை அமைதியாகக் காட்டலாம். குரலை உயர்த்தவே வேண்டாம். அரசு ஒப்பந்தப் புள்ளி தளத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பில் டெண்டர் கூப்பிட்டார்கள் என்று பார்க்கலாம். ஊராட்சிகளின் வரவு செலவுக்கு மத்திய அரசின் தளம் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் திறந்து பழைய படங்களுக்குப் போனால், உங்கள் ஏரி பத்து வருடத்துக்கு முன் எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு இருக்கிறது என்று வருடம் வருடமாகப் பார்க்கலாம். நாங்கள் முதன்முதலில் அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்த ராத்திரி யாரும் சீக்கிரம் தூங்கவில்லை.

ஊர்ப் பெரியவர்களைக் கேட்க மறக்காதீர்கள். ஒரு தாத்தா எங்களைக் கரைமேல் நடக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். முள்செடிக்குள் கையை விட்டு ஒரு கல்லைத் தடவிக் காட்டினார். "இந்தக் கல்லுல தண்ணி தொட்டாதான் தம்பி ஏரி கோடி போவும். எங்க காலத்துல வருஷா வருஷம் போவும்." கோடி போவது என்றால் ஏரி நிரம்பி வழிவது. அந்தக் கல் எந்தப் பதிவேட்டிலும் நாங்கள் பார்க்காதது. ஆனால் கல் இருக்கும் மட்டம்தான் ஏரியின் முழுக் கொள்ளளவு. நிரம்பிய ஏரியின் எல்லை எதுவரை என்று அதை வைத்துத்தான் எங்களுக்குப் புரிந்தது. தாத்தா பேசியதை அவர் சம்மதத்தோடு செல்போனில் பதிவு செய்தோம், தேதி சொல்லச் சொல்லி.

படம் எடுப்பது

இதில் நான் ஒரு தப்பு செய்தேன், அதைச் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன், நுரை பொங்கும் நீர்நிலைப் படம் ஒன்று எனக்கு வந்தது. பாலாறு என்று எழுதியிருந்தது. நானும் எங்கள் மனுவோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். அலுவலகத்தில் ஒருவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், இது பெங்களூரு பெல்லந்தூர் ஏரி, உங்க ஊரே இல்லையே" என்றார். அவர் சொன்னது சரி. எங்கள் மனுவில் மற்ற எட்டுப் படமும் நாங்களே எடுத்தவை, எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஒரு படத்தால் மொத்த மனுவும் ஓரமாகப் போனது. மறுபடி அந்த அறைக்குள் நம்பிக்கையோடு போய் உட்கார எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரே விதி: நம்மில் ஒருவர் நேரில் நின்று எடுக்காத படத்தை நாம் பயன்படுத்துவதில்லை.

படம் எடுக்கும்போது மூன்று தூரத்தில் எடுங்கள். தூரத்தில் இருந்து ஒன்று, அதில் கோயில் கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ மலையோ தெரிய வேண்டும். இடம் எது என்று யாரும் சந்தேகப்பட முடியாது. நடுத்தூரத்தில் ஒன்று. கிட்டத்தில் ஒன்று, அளவு தெரிய ஒரு செருப்பையோ ஸ்கேலையோ பக்கத்தில் வைத்து. செல்போனில் இருப்பிடப் பதிவை இயக்கிவிட்டு எடுத்தால் படத்துக்குள்ளேயே இடமும் நேரமும் பதிவாகும். ஆனால் அதே படத்தைச் சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த விவரம் அழிந்துவிடும், படமும் சுருங்கிவிடும். டாகுமென்ட் ஆக இணைத்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். மூலப் படத்தைப் போனிலிருந்து அழிக்கவே கூடாது.

இதற்கு நேர் எதிரான எச்சரிக்கையும் உண்டு. வீட்டு மாடியிலிருந்து எடுத்த படத்தில் உங்கள் வீட்டு இருப்பிடமும் சேர்ந்து போகும். பொதுவில் போடும் பிரதியில் அந்த விவரத்தை நீக்கிவிடுங்கள். மூலத்தை அதிகாரிக்கும் வழக்கறிஞருக்கும் மட்டும் கொடுங்கள்.

ஆர்.டி.ஐ. மனு: இதற்கு நேரம் செலவிடுங்கள்

தமிழ்நாடு 1997-லேயே தகவல் அறியும் சட்டம் இயற்றிய மாநிலம், நாட்டிலேயே முதலில். இப்போது நாம் பயன்படுத்துவது 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். ஏன் கேட்கிறீர்கள் என்று யாரும் காரணம் கேட்க முடியாது, 6-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. தமிழில் எழுதலாம். மாநில அரசுக்கு ஆர்.டி.ஐ. இணையதளமும் இருக்கிறது, உங்களுக்கு வேண்டிய அலுவலகம் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் தபாலில் அனுப்புங்கள்.

மனுவின் உயிர் கேள்வியில்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இப்படி எழுதுவார்கள்: "எங்கள் ஏரி ஆக்கிரமிப்பை ஏன் அகற்றவில்லை? இதற்கு யார் பொறுப்பு?" நியாயமான கோபம். ஆனால் "ஏன்" என்பது தகவல் ஆகாது. அலுவலகத்தில் காகிதமாகவோ கோப்பாகவோ ஏற்கெனவே இருப்பதைத்தான் கேட்க முடியும். புதிதாக விளக்கம் எழுதித் தரவோ கருத்துச் சொல்லவோ அவர்களுக்குக் கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. அதனால் "ஏன்" என்ற கேள்வியைக் காகிதமாக மாற்றுங்கள். நாங்கள் எழுதியதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்:

"1. மேற்படி ஏரிக்குரிய அனைத்து சர்வே எண்களின் 'அ' பதிவேட்டு நகல் மற்றும் புலப்பட நகல்.
2. மேற்படி ஏரியில் ஆக்கிரமிப்பு என அடையாளம் காணப்பட்ட இடங்களின் பட்டியல் நகல், அளவு மற்றும் நாளுடன்.
3. அந்த ஆக்கிரமிப்புகள் தொடர்பாக அனுப்பப்பட்ட அறிவிப்புகளின் நகல்.
4. 1.4.2019 முதல் இன்று வரை மேற்படி ஏரியில் தூர்வாருதல், கரை பலப்படுத்துதல் ஆகிய பணிகளுக்கான பணி ஆணை, அளவுப் புத்தகம், பட்டுவாடா விவரம் ஆகியவற்றின் நகல்."

நான்காவது கேள்வியில் உள்ள அளவுப் புத்தகத்தைக் கவனியுங்கள். காண்ட்ராக்டர்களும் பொறியாளர்களும் அதை எம் புக் என்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம் தோண்டினார்கள், எந்தத் தேதியில் அளந்தார்கள் என்று ஒவ்வொரு வரியாக அதில் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு கரைமேல் டேப்போடு நடந்தால் காகிதமும் மண்ணும் ஒத்துப்போகிறதா என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எங்கள் குழுவில் உண்மையிலேயே ஒரு பத்தாம் வகுப்புப் பெண்தான் அளந்து எழுதினாள். எம் புக்கில் 180 மீட்டர். டேப்பில் 112. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியபோது அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். எங்கள் ஆயுதம் அந்த இரண்டு எண்களும்தான், அதற்குமேல் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் கேட்கலாம், பலருக்குத் தெரியாது. சட்டத்தின் 2(ஜே) பிரிவில் வேலை நடக்கும் இடத்தையும் கோப்பையும் நேரில் பார்வையிடும் உரிமை, குறிப்பெடுக்கும் உரிமை, பொருளின் மாதிரி எடுக்கும் உரிமை இருக்கின்றன. சாலை போடும்போது ஜல்லியும் தாரும் மாதிரி கேட்கலாம்.

நாள் கணக்கு: 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால், அவர்களே 5 நாளில் சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். 30 நாள் தாண்டினால் நகல் கட்டணம் வாங்கக் கூடாது. பதில் வரவில்லையென்றாலோ அரைகுறை என்றாலோ 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதிலும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையத்தில் வழக்கு வரிசைக்கு வர நாளாகும். அதற்காக முதல் மேல்முறையீட்டோடு விட்டுவிடாதீர்கள். பல கோப்புகள் முதல் மேல்முறையீட்டுக் கடிதம் போன வாரத்திலேயே அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

தனிநபர் விவரம் கேட்டால் மறுக்கும் வாய்ப்பு அதிகம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கதவை இன்னும் இறுக்கியது. ஆகவே ஆளைப் பற்றிக் கேட்காமல் வேலையை, பணத்தை, நிலத்தைப் பற்றிக் கேளுங்கள்.

குழு

தனியாகச் செய்யாதீர்கள். மனுவில் ஒரே பெயர் இருந்தால் அந்த ஒருவரை மட்டும் குறிவைப்பது எளிது. ஐந்தாறு பேர் போதும். அலுவலகத்துக்கு நடக்க ஒருவர், எழுத ஒருவர், படம் மற்றும் ஆவணம் பாதுகாக்க ஒருவர், பேச ஒருவர். நானூறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு பிறகு தானாக வரும், அது செய்தி பரவ மட்டும். முடிவு எடுக்கும் இடம் சின்னக் குழுதான்.

பெரிய குழுவில் எல்லாருடைய போன் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். இதனால் எங்கள் பெண்கள் சிலருக்கு ராத்திரியில் தெரியாத நம்பர்களிலிருந்து தொல்லை வந்தது. அப்புறம் நாங்கள் பொதுச் செய்திகளை வாட்ஸ்அப் சேனலுக்கு மாற்றிவிட்டோம். அங்கே பின்தொடர்கிறவர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். எல்லாரும் வாட்ஸ்அப்பில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். ஓ.டி.பி. கேட்டு யார் போன் செய்தாலும், நம் குழு ஆள் பெயரைச் சொன்னாலும், கொடுக்கக் கூடாது.

பரப்பும் முன் நிற்க வேண்டிய இடம்

2018 மே மாதம், பழைய வட ஆற்காட்டின் பகுதியான போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பம் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வருகிறது என்று அதற்கு முன் பல நாளாக வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஊர் கூடி அடித்ததில் அந்தக் குடும்பத்தில் வயதான ஒரு பாட்டி இறந்தே போனார். அந்த வீடியோவை அனுப்பியவர்களில் பலர் கொலை செய்ய நினைத்தவர்களாக இருக்க மாட்டார்கள். தன் பிள்ளையைப் பாதுகாக்க நினைத்த அம்மாக்களும் அப்பாக்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது.

நம் பக்கத்தில் நடந்தது இது. தகவலின் பலம் என்று பேசும் யாரும் இதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. ஆகவே எந்தச் செய்தி வந்தாலும்: படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், முன்பே எங்கேயாவது வந்திருக்கிறதா என்று. தேதி இல்லாத செய்தியை நம்பாதீர்கள். சம்பவம் நடந்ததாகச் சொல்லும் ஊரில் தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள். வேலூர், குடியாத்தம், ஆரணி எதுவானாலும் ஒரு போன் தூரம்தான். சாதி, மதம், வெளியூர்க்காரர் மேல் கோபம் வரவைக்கிற செய்தி என்றால் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எழுதலாம்

கையில் காகிதம் வந்துவிட்டது, படம் இருக்கிறது, சரிபார்த்தாயிற்று. இனி பொதுவில் எழுதலாம். பதிவு ஒன்று எப்படி இருக்கும் என்றால்:

"எங்கள் ஏரிக்கரையை 180 மீட்டர் பலப்படுத்தியதாக அளவுப் புத்தகம் சொல்கிறது (ஆர்.டி.ஐ. பதில், படம் 1). நாங்கள் அளந்தபோது 112 மீட்டர்தான் இருந்தது (படம் 2, வீடியோ). மறு அளவீடு செய்து முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறோம். மனு எண் கீழே."

திட்டு இல்லை, யார் பெயரும் இல்லை, கட்சி இல்லை. கேட்பது ஒன்றே ஒன்று, அதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதும் இருக்கிறது. பத்துக் கோரிக்கை வைத்தால் சுலபமான ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மூடிவிடுவார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் சேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். போன் வழியாகத்தான் அவ்வளவு பேர் சேர்ந்தார்கள், ஆனால் எல்லார் வாயிலும் இருந்தது ஒரே கோரிக்கை. ஒரு வாரத்துக்குள் அவசரச் சட்டம் வந்தது.

அதைவிட எனக்குப் பாடமாக இருந்தது 2015-இன் இணையச் சமத்துவப் போராட்டம், அதாவது எல்லா இணையதளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற போராட்டம். டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு 20 கேள்விகள் கொண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. 118 பக்கம், சாதாரண ஆள் படித்துப் பதில் எழுத முடியாது. தன்னார்வலர்கள் சிலர் அதைச் சுருக்கி, பதில்களைத் தயார் செய்து, ஒரு பொத்தானில் மின்னஞ்சல் போகிற மாதிரி வைத்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல் போனது. 2016 பிப்ரவரி 8-இல், சில தளங்களுக்கு மட்டும் தனிக் கட்டணம் வைக்கக் கூடாது என்று டிராய் உத்தரவு போட்டது. மக்களுக்கு அக்கறை ஏற்கெனவே இருந்தது, சொல்வதற்கு வழி அமைத்துக் கொடுத்தார்கள். நீங்களும் உங்கள் பதிவோடு, அடுத்தவர் தன் பெயரை மட்டும் எழுதி அனுப்பக்கூடிய ஒரு மனு மாதிரியைத் தமிழில் இணைத்துவிடுங்கள்.

பதிவு போட்ட அன்றே அதே விஷயத்தை முறையான வழியிலும் கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு, ரசீது வாங்காமல் வரக் கூடாது. முதல்வரின் முகவரித் துறைக்கு 1100 என்ற எண். கிராமம் என்றால் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கோரிக்கை எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இணையத்தில் ஆயிரம் பேர் லைக் போட்டதைவிடத் தீர்மானப் புத்தகத்தில் நாற்பது கையெழுத்துக்கு ஆயுள் அதிகம். உள்ளூர் நிருபர்களுக்கும் ஆவணத்தோடு அனுப்புங்கள். ஆதாரம் கையில் இருந்தால் அவர்களுக்கும் எழுதச் சுலபம்.

பயம் வரும், சட்டம் தெரிந்திருக்கட்டும்

இணையத்தில் எழுதியதற்காக ஆட்களைக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் ரத்து செய்துவிட்டது. யாராவது அதைச் சொல்லி மிரட்டினால் அந்தப் பிரிவே இல்லை என்று சொல்லுங்கள். ஆனால் அவதூறு இன்னும் குற்றம்தான்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த சட்டம்) 356-ஆம் பிரிவு. பொதுநலனுக்காகச் சொன்ன உண்மைக்கு அதில் விலக்கு உண்டு. நம்மிடம் காகிதம் இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துவது அதற்காகவும்தான். "திருடன்", "கொள்ளைக்காரன்" என்ற சொற்கள் நம் பதிவில் வரக் கூடாது. 180, 112 என்ற எண்கள் வரலாம். அதே சட்டத்தில் வதந்தி பரப்பினால் 353, பிரிவுகளுக்கிடையே பகை மூட்டினால் 196. இரண்டும் கடுமையான பிரிவுகள்.

மிரட்டல் வந்தால் பதில் எழுதாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நேரத்தோடு, குழுவில் இருவருக்கு உடனே அனுப்பிவிட்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அம்மாவுக்குத் தெரியாமல் செய்கிற வேலை இல்லை இது.

காகிதத்தையும் காப்பாற்றுங்கள்

2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தையே நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் போனிலும் இணையச் சேமிப்பிலும் மட்டும் வைத்திருப்பவருக்கு அன்று கையில் ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு ஆர்.டி.ஐ. பதிலையும் நகல் எடுத்து ஒரு ஃபைலில், இன்னொன்றை வேறு ஒருவர் வீட்டில் வையுங்கள். ஸ்கேன் செய்த பிரதிக்குத் தேதியில் தொடங்கும் பெயர் கொடுங்கள்: 2024-06-14-ஏரி-எம்புக். தபால் ரசீது, மனு எண், சந்தித்த அதிகாரியின் பதவி, அவர் சொன்னது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள்.

எத்தனை நாளைக்கு என்று கேட்பீர்கள். 1991-இல் தொடங்கிய பாலாற்று விவகாரத்தில், 2001-லும் 2009-லும் கணக்கிட்ட இழப்பீட்டை இன்னும் வாங்காதவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30-இல் மறுபடி உத்தரவு போட்டது. அந்த இழப்பீட்டுப் பட்டியலில் ஒரு விவசாயியின் பெயர் இருக்கிறதா என்பது, யாரோ ஒருவர் அன்று அவருடைய சர்வே எண்ணைச் சரியாக எழுதினாரா என்பதைப் பொறுத்தது. எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இன்று வரை இருப்பது நான்கு கட்டம்தான்: தேதி, இடம், அளவு, அளந்தவர். அந்தப் பத்தாம் வகுப்புப் பெண் இப்போது காட்பாடியில் கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டேன், சேனலின் அட்மின் பொறுப்பையும் சேர்த்து.